பிள்ளைகளுக்கு அறிவுரை மட்டும் போதாது

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியாகும் வாரத்தில், தோல்வியைத் தாங்கும் மனத்திடத்தைப் பிள்ளைகள் வளர்த்துக்கொள்ள வேண்டும் என்ற அறிவுரை ஆண்டுதோறும் எல்லாப் பக்கங்களிலிருந்தும் வருகிறது. சொல்பவர்களின் நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பதினேழு வயதுப் பிள்ளையின் தோளில் முழுப் பொறுப்பையும் ஏற்றிவிட்டு, அந்தப் பிள்ளையை நெருக்கும் ஏற்பாடுகளைப் பெரியவர்களாகிய நாம் அப்படியே விட்டுவைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022 ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்திருக்கிறார்கள். இத்தனை பேருக்கும் மனத்திடம் இல்லை என்று சொல்லிக் கடந்துபோக யாருக்கு மனம் வரும்?

ஏற்பாடுகளை மாற்ற முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. தேர்ச்சி பெறாத மாணவர் ஓராண்டு வீட்டில் முடங்கிக் கிடக்காமல், அடுத்த சில வாரங்களிலேயே துணைத்தேர்வு எழுதி, அதே ஆண்டில் கல்லூரியிலும் சேரலாம். பொதுத்தேர்வில் மாநில, மாவட்ட ரேங்க் அறிவிக்கும் வழக்கத்தை அரசு 2017 இல் கைவிட்டது. ஆயினும் அரசு கைவிட்டதைப் பல தனியார் பள்ளிகள் பிளக்ஸ் பேனர்களில் தொடர்கின்றன. மதிப்பெண்ணை வைத்து மாணவர்களை 'ஏ செக்‌ஷன்', 'டி செக்‌ஷன்' என்று பிரிப்பதும், விடைத்தாளைக் கொடுக்கும்போது வகுப்பறியக் குறைத்துப் பேசுவதும் நின்றபாடில்லை.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த வழிகாட்டுதல்கள் இவற்றைத்தான் நேரடியாகத் தொடுகின்றன. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் நிறுவனங்கள், குழந்தைகள் மற்றும் வளரிளம் பருவத்தினரின் மனநலத்தில் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவரையேனும் நியமிக்க வேண்டும். மதிப்பெண் அடிப்படையில் பிரிப்பதையும் பிறர் முன் அவமானப்படுத்துவதையும் இயன்றவரை தவிர்க்க வேண்டும். உதவி எண்கள் கண்ணில் படும்படி வைக்கப்பட வேண்டும். நம் ஊர்ப் பள்ளிகளில் எத்தனை இவற்றைச் செய்திருக்கின்றன என்று கேட்கும் உரிமை ஒவ்வொரு பெற்றோருக்கும் உண்டு.

வீட்டிலும் நமக்கு வேலை இருக்கிறது. தூக்கம் கெடுவது, சாப்பாட்டில் நாட்டமின்மை, பிடித்த விளையாட்டையும் நண்பர்களையும் விட்டு விலகுவது, மருத்துவர் காரணம் காணாத தலைவலி, வயிற்றுவலி, எதற்கெடுத்தாலும் எரிச்சல் ஆகியவை வாரக்கணக்கில் நீடித்தால், 'வயசுக் கோளாறு' என்று ஒதுக்கிவிடாதீர்கள். பதின்பருவத்தில் மனம் அலைவது இயல்புதான்; ஆனால் 2015–16 தேசிய மனநல ஆய்வின்படி 13 முதல் 17 வயது வரையிலானவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கு மனநலச் சிக்கல் இருந்தது. சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற அச்சம் தேவையற்றது. அமைதியாகக் கேட்டு, பதறாமல், குறுக்கே பேசாமல், பதிலை முழுவதும் கேளுங்கள். 'ஆமாம்' என்று பிள்ளை சொன்னால் தனியே விடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

கட்டணமின்றி எந்நேரமும் பேச, மத்திய அரசின் தொலைபேசி மனநலச் சேவையான டெலி மானஸ் 14416, தமிழ்நாட்டில் சுகாதார உதவி எண் 104, குழந்தைகளுக்கு 1098 ஆகிய எண்கள் இருக்கின்றன. முடிவுகள் வருவதற்கு முன்பே இவற்றைப் பிள்ளைகளின் கைப்பேசியில் பதிந்து கொடுங்கள். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் தேர்ச்சி விழுக்காட்டைக் கேட்பதற்கு முன், ஆலோசகர் எந்தெந்த நாளில் பள்ளிக்கு வருகிறார், அவர் அறை எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்.