வாள் வேண்டாம், கோல்ஃப் மட்டை போதும்

கோல்ஃப் என்ற சொல்லைப் பார்த்ததும் பாதிப் பேர் விரலால் தள்ளிவிட்டுப் போயிருப்பீர்கள். தப்பில்லை. கொடைக்கானலில் 1895இலிருந்து ஒரு கோல்ஃப் கிளப் இருக்கிறது, ஊட்டியிலும் இருக்கிறது. டூர் போகும்போது பஸ் ஜன்னல் வழியாக அந்த வேலியைப் பார்த்ததோடு நம் உறவு முடிந்தது. சேலத்தில் கிரிக்கெட் என்றால் நடராஜன் பெயர் வரும், உயரம் தாண்டுதல் என்றால் மாரியப்பன் பெயர் வரும். கோல்ஃபுக்கு யார் பெயரும் வராது.

அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு, நான் ஆடிய ஆர்பிஜிகளில் (ஒரு பாத்திரமாகக் கதைக்குள் இறங்கி, லெவல் ஏறி ஆடும் வீடியோ கேம்கள்) மிக நன்றாக எழுதப்பட்டவற்றில் ஒன்று ஒரு கோல்ஃப் விளையாட்டு என்று சொல்லப் போகிறேன். பெயர் ‘கோல்ஃப் ஸ்டோரி’. ஆஸ்திரேலியாவின் சைட்பார் கேம்ஸ் எடுத்தது. மொத்தக் குழுவும் இரண்டே பேர். 2017 செப்டம்பரில் நிண்டெண்டோ நிறுவனத்தின் ஸ்விட்ச் என்ற கேம் கருவிக்கு வந்தது. படமெல்லாம் அந்தக் கால டிவி கேம் மாதிரி புள்ளி புள்ளியாக இருக்கும்.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. சின்ன வயதில் அப்பாவிடம் கோல்ஃப் கற்ற ஒருவன், பல வருடம் கழித்து வேலை வெட்டியை விட்டுவிட்டு, மனைவியின் சலிப்பையும் வாங்கிக்கொண்டு, பழைய மைதானத்துக்குத் திரும்புகிறான். மைதானம் பாழடைந்து கிடக்கிறது. பயிற்சியாளர் இவனைச் சீந்துவதில்லை. நிர்வாகத்துக்கு எதிலும் அக்கறையில்லை. எட்டு மைதானங்களிலும் ஏறி இறங்கி, ஊர்க்காரர்கள் சொல்லும் வேலைகளைச் செய்து, லெவல் ஏறி, போட்டிகளில் ஆடி மேலே வர வேண்டும். அவ்வளவுதான்.

இதில் என்ன பெரிய விஷயம்? வழக்கமான ஆர்பிஜியில் ஊர் ஒரு தினுசு, சண்டை வேறொரு தினுசு. ஊரில் நடந்து பேசுவோம். வெளியே போனால் திரை மாறும், வாளை எடுப்போம், ராட்சசன் சாவான், மறுபடி ஊருக்குத் திரும்புவோம். இரண்டுக்கும் ஒட்டே இருக்காது. கோல்ஃப் ஸ்டோரியில் நீங்கள் நிற்கிற இடத்திலேயே பந்தை வைத்து அடிக்கலாம். மைதானத்தில்தான் அடிக்க வேண்டும் என்றில்லை. வழியில் ஒருவன் “அந்த இடத்தில் பந்தை இறக்கு பார்க்கலாம்” என்று சவால் விடுவான். உங்களை மதிக்காத ஆளிடமும் பேசிப் பயனில்லை, அடித்துத்தான் காட்ட வேண்டும். தெரிந்த வித்தை ஒன்றே ஒன்று. ஊரின் அத்தனை வம்புக்கும் அதுதான் மருந்து. இந்தத் துணிச்சல்தான் எனக்குப் பிடித்தது.

அந்த வித்தையும் லேசுப்பட்டதல்ல. பட்டனை ஒருமுறை அழுத்தினால் கோடு ஓட ஆரம்பிக்கும். வேண்டிய பலத்தில் இரண்டாம் முறை அழுத்த வேண்டும். கோடு திரும்பி வரும்போது சரியான இடத்தில் மூன்றாம் முறை. கொஞ்சம் தவறினால் பந்து கோணல். இதோடு காற்று, சரிவு, புல்லா மணலா என்ற கணக்கு. பந்தின் எந்த இடத்தில் அடிப்பது என்பதையும் நாமே தேர்ந்தெடுக்கலாம். லெவல் ஏறினால் கிடைக்கும் புள்ளிகளைப் பவர், ஸ்பின் என்று பங்கு போடலாம். ஆனாலும் மூன்றாவது அழுத்தல் எப்போதும் உங்கள் விரலின் பொறுப்புதான். மற்ற ஆர்பிஜிகளில் வெற்றிலை போட்டுக்கொண்டே பட்டனைத் தட்டி லெவல் ஏற்றிவிடலாம். இங்கே அது நடக்காது.

இந்த அழுத்தும் முறைக்கு ஒரு பழைய வேர் உண்டு. 1984இல் ஃபேமிகாம் என்ற தன் பழைய டிவி கேம் கருவிக்கு நிண்டெண்டோ ‘கோல்ஃப்’ என்று ஒன்றை வெளியிட்டது. நம் வீடுகளில் பத்தாயிரம் கேம் என்று அட்டையில் போட்டு உள்ளே இருபது முப்பது மட்டும் இருந்த மஞ்சள் கேசட்டுகள் ஞாபகம் இருக்கிறதா? அதில் சிலவற்றில் இதுவும் இருக்கும். நாம் காண்ட்ராவைத் தேடும் அவசரத்தில் தாண்டிப் போயிருப்போம். அந்தச் சின்ன கேசட்டுக்குள் 18 குழிகளையும் அடக்கி நிரல் எழுதியவர் சடோரு இவாடா. பின்னாளில் நிண்டெண்டோவின் தலைவரே ஆனவர். 2015 ஜூலை 11 அன்று இறந்துபோனார். ஸ்விட்ச் கருவிக்குள் அந்தப் பழைய கோல்ஃபை யாருக்கும் சொல்லாமல் ஒளித்து வைத்திருந்தார்கள். ஜூலை 11 அன்று, இவாடா மேடையில் செய்யும் கையசைவைக் கட்டுப்பாட்டுக் கருவிகளோடு செய்தால் மட்டும் திறக்கும்படி வைத்திருந்தார்கள். ஆட்கள் அதைக் கண்டுபிடித்தது 2017 செப்டம்பரில். அதே மாதக் கடைசியில்தான் கோல்ஃப் ஸ்டோரி வந்தது. தற்செயல்தான், ஆனால் எழுதும்போதே சிலிர்க்கிறது.

கோல்ஃபையும் ஆர்பிஜியையும் முதலில் கலந்தவர்கள் இந்த ஆஸ்திரேலியர்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1999இல் கேம் பாய் கலர் என்ற நிண்டெண்டோவின் கையடக்கக் கருவிக்கு கேம்லாட் நிறுவனம் ‘மாரியோ கோல்ஃப்’ எடுத்தது. மாரியோ பெயருக்குத்தான், நாம் ஒரு சாதாரண இளைஞனாகவோ பெண்ணாகவோ கிளப்பில் சேர்ந்து, ஆட்களிடம் பேசி, ஆடி, லெவல் ஏற வேண்டும். அதற்கு முன்பே வாள், மந்திர ஆர்பிஜிகளில் கைதேர்ந்தவர்கள் அவர்கள். 2004இல் அதற்கு அடுத்ததும் வந்தது. கோல்ஃப் ஸ்டோரி அந்த வழியில் வந்த பிள்ளை. அப்பாவைவிட வாய் நீளம்.

வாய் என்று சொன்னது சும்மா இல்லை. இந்த விளையாட்டில் குரல் கிடையாது, வெறும் எழுத்துதான். ஆனால் பேச்சுக் குமிழ்கள் ஆளுக்கும் மனநிலைக்கும் தகுந்தபடி பெரிதாகும், சுருங்கும், நடுங்கும். யாராவது கத்தினால் குமிழே திரையை மூடும். கிளப்பின் பெரிசுகளும் இளவட்டங்களும் ராப் பாடி மோதிக்கொள்கிற இடம் ஒன்று வரும். அதைப் பார்த்தபோது எங்கள் தெரு அசோசியேஷன் கூட்டம்தான் நினைவுக்கு வந்தது. உலகம் அழியப் போவதில்லை, யாரும் சாகப் போவதில்லை. சின்ன இடத்தின் சின்ன அதிகாரம், பொறாமை, வறட்டு கௌரவம், இதையே வைத்து மணிக்கணக்கில் சிரிக்க வைக்கிறார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் அக்கா பையன் இன்ஜினீயரிங் படிக்கிறான். நண்பர்களோடு சேர்ந்து கேம் எடுக்கிறானாம். சோழர் காலம், பிரமாண்டப் போர்க்களம், நாற்பது வகை ஆயுதம், இன்னும் என்னென்னமோ. குழுவில் மூன்று பேர். அவனை உட்கார வைத்து கோல்ஃப் ஸ்டோரியைக் கையில் கொடுத்தேன். கொஞ்ச நேரம் ஆடிவிட்டு, “மாமா, சண்டையே இல்லாம இது எப்படி ஆர்பிஜி?” என்றான். அவன் கேள்விக்குத்தான் இந்தப் பதிவு.

சோழர் காலம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மூன்று பேருக்கு நாற்பது ஆயுதம் எதற்கு? ஒரே செயலை எடுத்து, அது இடத்துக்கு இடம் வேறு மாதிரி ஆகும்படி செய்தால் போதும். கோல்ஃப் ஸ்டோரியின் பெர்முடா தீவில் ஆமை முதுகில் பந்தைப் பட்டுத் தெறிக்க வைத்துத் தண்ணீரைத் தாண்டலாம். இன்னொரு இடத்தில் தார்க்குழி, வேறோர் இடத்தில் பனி. ஒவ்வொரு மைதானமும் ஒரு புதுக் கணக்கு. அடி மட்டும் அதே அடி.

“நம்ம மண்ணின் கேம்” என்று ஒரு பேச்சு எப்போதும் ஓடுகிறது. பெரும்பாலும் அது பின்னணியில் ஒரு கோபுரத்தை வரைந்து, ஆளுக்கு வேட்டி கட்டிவிடுவதோடு முடிகிறது. வேட்டியைக் கழற்றிவிட்டுப் பேண்ட் போட்டாலும் விளையாட்டு மாறாது என்றால் அது எந்த மண்ணின் கேம்? இடம் ஆட்டத்துக்குள் இறங்க வேண்டும். சேர்வராயன் மலையையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு வாரமாக மனசுக்குள் அங்கே ஒரு கோல்ஃப் மைதானம் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர்கூட இல்லை. ஏற்காடு சுமார் 1500 மீட்டர். மேலே காற்றின் அடர்த்தி குறைவு, அதனால் அதே அடிக்குப் பந்து கூடுதல் தூரம் போகும். கீழே அஸ்தம்பட்டியில் கற்ற கணக்கு 20 கொண்டை ஊசி வளைவு ஏறியதும் தப்பாகிவிடும். ஒரு வரி வசனம் இல்லாமல் மலை ஏறிவிட்டோம் என்று விரலுக்குத் தெரியும்.

அப்புறம் காபித் தோட்டம். சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்து வைத்த பயிர் இன்று மலை முழுக்க இருக்கிறது. நிழலுக்கு சில்வர் ஓக், அதில் ஏறிய மிளகுக் கொடி. பந்தை உயரத் தூக்கினால் கிளை தடுக்கும், தாழ்வாக அடித்தால் காபிச் செடி விழுங்கிவிடும். கோடை மழை ஒன்று விழுந்து சில நாளில் தோட்டமே வெள்ளையாகப் பூக்கும் பாருங்கள், அந்த இரண்டு மூன்று நாள் மட்டும் வெள்ளைப் பந்து தொலைந்தால் தொலைந்ததுதான். விளையாட்டில் அதற்கென்றே வேறு நிறப் பந்து தேடி ஒரு வேலை வைக்கலாம். பழம் பறிக்கிற சீசனில் அதே தோட்டத்தில் ஆட்கள் இருப்பார்கள், அந்தக் குழியே மூடியிருக்கும்.

காட்டெருமைக் கூட்டம் தோட்டத்துக்குள் வந்தால் ஆட்டம் நிற்க வேண்டும். பக்கோடா பாயின்ட் பக்கம் மூடுபனி. குழியில் நட்ட கொடி தெரியாது, காற்று எந்தப் பக்கம் என்று மரத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். கடைசி மைதானம் சேர்வராயன் கோயில் இருக்கிற உச்சி. பாக்சைட் பாறை மேல் அமைந்த சமதளம், மறைப்பே இல்லாத காற்று. அங்கே போய்ப் பந்து அடிக்கிறேன் என்றால் மலைக் கிராமத்துப் பெரியவர்கள் சும்மா விடுவார்களா? விடக் கூடாது. அவர்களிடம் அனுமதி வாங்குவதே ஒரு பெரிய அத்தியாயம். மே மாதத் திருவிழா சமயத்தில் என்ன செய்தாலும் கிடைக்காது என்று வைத்துவிடலாம். இதில் ஒரு ராட்சசனாவது தேவைப்பட்டானா?

கோல்ஃப் ஸ்டோரியில் குறையே இல்லை என்று நினைக்க வேண்டாம். நடுவில் ‘அதைக் கொண்டுவா, இதைக் கொண்டுபோ’ என்று அலையவிடுவது அலுப்பு. சில வேலைகளில் என்ன செய்யச் சொல்கிறார்கள் என்பதே புரியாது. குழிக்குப் பக்கத்தில் மெதுவாக உருட்டுகிற கட்டத்தில், புள்ளிப் படத்தில் சரிவு சரியாகத் தெரியாமல் நான் கெட்ட வார்த்தை சொன்னதுண்டு. அடுத்து அவர்களே எடுத்த ‘ஸ்போர்ட்ஸ் ஸ்டோரி’ பல முறை தள்ளிப்போய் 2022 டிசம்பரில் வந்தது. டென்னிஸ், மீன்பிடித்தல் என்று எல்லாவற்றையும் உள்ளே இழுத்துப் போட்டார்கள். வந்த புதிதில் கோளாறுக்கு அளவில்லை. கோளாறைச் சரிசெய்துவிடலாம்; ஒரே வித்தை என்ற பிடியை விட்டதுதான் எனக்கு உறுத்தல். அக்கா பையனிடம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். நாற்பது ஆயுதம் இப்போது பன்னிரண்டாகியிருக்கிறது. பேரம் தொடர்கிறது.

ஆட நினைப்பவர்களுக்கு: போனில் கிடையாது, கம்ப்யூட்டரிலும் கிடையாது, ஸ்விட்ச் மட்டும்தான். இங்கே இறக்குமதி செய்து விற்கிற கடைகளில் கருவி கிடைக்கும். விளையாட்டை வேறு நாட்டுக் கணக்கு திறந்துதான் வாங்க வேண்டியிருக்கும். இரண்டில் எதை வாங்குவது என்றால் முதல் பாகம்.

இன்னொன்று. கேம் பாய் கலர் மாரியோ கோல்ஃபின் அசல் கேசட் சேலத்தில் யாரிடமாவது கிடந்தால் சொல்லுங்கள். ஐந்து ரோடோ செவ்வாய்ப்பேட்டையோ, நானே வந்து பார்க்கிறேன். தட்டுவடை செட் என் செலவு.