கடலூர் ஆதாருக்குப் பாண்டியில் கட்டில் இல்லை

போன சனி, ஞாயிறு பாண்டிச்சேரி. பெங்களூரிலிருந்து இரவுப் பேருந்து, முதுகில் ஒரு பை, அதற்குள் இரண்டு சட்டை, ஒரு துண்டு. கூட வந்தவன் அலுவலக நண்பன், நாக்பூர்க்காரன். கடலை வாழ்க்கையில் இரண்டே முறை பார்த்தவன். சுற்றுலாப் பயணிகள் தங்கும் ஒரு ஹாஸ்டலில் எட்டுப் பேர் அறையில், அடுக்குக் கட்டிலில், ஆளுக்கொரு இடம் பதிவு செய்து பணமும் கட்டியிருந்தோம்.

வரவேற்பில் இருந்த தம்பி அவனுடைய ஆதாரை வாங்கிப் பார்த்துச் சாவியைக் கொடுத்தார். என்னுடையதை வாங்கினார், திருப்பிப் பார்த்தார், முகம் மாறிவிட்டது.

"சாரிண்ணா, லோக்கல் ஐடி எடுக்க மாட்டோம்."

"தம்பி, நான் கடலூர். பாண்டியே இல்ல, வேற மாநிலம்."

"கடலூர், விழுப்புரம் எல்லாம் எங்களுக்கு லோக்கல்தாண்ணா."

அவர் தலைக்குப் பின்னால் சுவரில் பெரிய எழுத்தில், மஞ்சள் பெயின்ட்டில், ஆங்கிலத்தில் எழுதியிருந்தது: 'லிவ் லைக் எ லோக்கல்'. சத்தியமாகச் சொல்கிறேன், நான் சிரித்துவிட்டேன். தம்பியும் சிரித்தார். அவர் ஊர் பாண்டிக்குப் பக்கத்திலேயே இருக்கும் பாகூராம். வேலை பார்க்கலாம், மெத்தைக்கு உறை மாற்றலாம். அங்கே காசு கொடுத்துப் படுக்க அவராலும் முடியாது.

பணம் முழுதாகத் திரும்பி வந்துவிட்டது, அதில் குறை சொல்ல மாட்டேன். காரணமும் சொன்னார்கள். உள்ளூர்ப் பையன்கள் கும்பலாக வந்து குடித்துவிட்டு, வெளியூர்ப் பெண்களிடம் வம்பு செய்கிறார்களாம். நடந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் சனிக்கிழமை இரவு ஒரு மணிக்குப் பாண்டித் தெருவில் வாந்தி எடுத்துக்கொண்டிருப்பவர்களின் ஆதாரை வாங்கிப் பாருங்கள். எத்தனை பேர் பாகூர், எத்தனை பேர் பெங்களூர் என்று எண்ணிவிட்டு அப்புறம் பேசலாம். வம்பு செய்பவனை வெளியே அனுப்ப விதி போடுங்கள். பின்கோடு என்ன செய்தது?

சரி, பேருந்து நிலையம் பக்கத்தில் ஒரு லாட்ஜ். மின்விசிறி ஓடியது, போதும்.

மாலை ஆறு மணிக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். மறுநாள் காலை ஏழரை வரை நடப்பவர்களுக்கு மட்டும். சனிக்கிழமை அந்தச் சாலை சாலையாக இல்லை, தேர்த் திருவிழா. காந்தி சிலை, 1836-இல் ஏற்றிய பழைய கலங்கரை விளக்கம் பக்கமெல்லாம் தோளோடு தோள். அதனால் முதல் நாள் பேசாமல் தூங்கிவிட்டு, ஞாயிறு காலை ஐந்துக்குப் போனோம். பாண்டியைப் பார்க்க அதுதான் நேரம் என்பது என் கட்சி.

நண்பன் கருங்கல் பாறைகளைப் பார்த்துவிட்டு, "பீச் எங்கே?" என்றான். நல்ல கேள்வி.

நம் கிழக்குக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்காது. வருடத்தில் பெரும்பகுதி அலை அதைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். வடகிழக்குப் பருவத்தில் கொஞ்சம் திரும்பி வரும். 1980களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர் நீட்டினார்கள். வந்த மணல் சுவருக்குத் தெற்கேயே தங்கியது. வடக்கே அலை அரித்துக்கொண்டு போனதற்கு ஈடு வரவில்லை. பாண்டியின் கடற்கரை போய், ஊரைக் காக்கப் பாறை வந்தது இப்படித்தான். 2018-இல் தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் ஒரு பெரிய எஃகு அமைப்பை இறக்கியது. அலையின் வேகம் தணிந்து, அந்தப் பக்கம் மணல் திரும்பச் சேர்ந்தது. இப்போது எல்லோரும் செல்ஃபி எடுக்கும் மணல் அது.

பாறை போட்டால் அரிப்பு நின்றுவிடாது, அடுத்த ஊருக்குப் போகும். வாடகை ஸ்கூட்டரில் கோட்டக்குப்பம் தாண்டிப் பொம்மையார்பாளையம் பக்கம் போனோம். தமிழ்நாட்டு எல்லை அது. வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், நாங்கள் கேட்காமலே கையால் கடலுக்குள் ஓரிடத்தைக் காட்டினார். "அது வரைக்கும் மணல் இருந்துச்சு தம்பி. கரைவலை இழுக்க நிக்கணும்ல? இப்ப நிக்க எடம் ஏது?" அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் கல்லால் தூண்டில் வளைவு போட்டுத் தாருங்கள் என்று கேட்டுக் கேட்டு அலுத்த குரல். துறைமுகம் புதுச்சேரியில், அரிப்பு தமிழ்நாட்டில். எந்த அலுவலகத்துக்கு நடப்பார்? கடலுக்குக் கடலூர், பாண்டி என்ற எல்லைக்கோடு கிடையாது. ஹாஸ்டல்காரருக்கும் கிடையாது என்பது வேறு விஷயம்.

பழைய பிரெஞ்சுக்காரர் பகுதியான ஒயிட் டவுனில் மஞ்சள் சுவர்களுக்கு முன் வரிசையில் நிற்க எனக்குப் பொறுமை இல்லை. அங்கே குடியிருப்பவர் தன் வீட்டுக் கதவைத் திறந்தாலே யாரோ ஒருவர் படத்தில் விழுந்துவிடுவார், பாவம். பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே தமிழர் பகுதிக்குக் கூட்டிப் போனேன். வைசியாள் வீதிப் பக்கம் சில வீடுகளில் இன்னும் திண்ணையும், அதற்கு வெளியே தெருவை ஒட்டி மரத்தூண் வைத்த தாழ்வாரமும் இருக்கின்றன. முதுகுப் பையை இறக்கி அப்படி ஒன்றில் பத்து நிமிடம் உட்கார்ந்தோம். வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார், "தண்ணி வேணுமா?" என்றார், கொண்டுவந்து வைத்தார், உள்ளே போய்விட்டார்.

காந்தி வீதி ஞாயிறு சந்தையில் நண்பன் மூன்று அரைக்கால் சட்டை வாங்கினான். எதற்கு மூன்று என்று தெரியவில்லை.

அவன் பெங்களூர் பேருந்துக்குப் போனான். நான் கடலூர் பேருந்தில் ஏறினேன், 20 சொச்சம் கிலோமீட்டர்தானே. அம்மா தோசை ஊற்றிக்கொண்டே கதை முழுவதும் கேட்டார்.

"பாண்டி வரைக்கும் வந்துட்டு லாட்ஜுல காசு குடுத்துப் படுத்தியா? நைட்டு பஸ் புடிச்சிருந்தா வீட்ல வந்து படுத்திருக்கலாம்ல? அந்தப் பையன் குடுக்க மாட்டேன்னது சரிதான்."