ஒன்பதாம் நாள் வேலைக்குப் போன தாய்

திருப்பூரில் நாங்கள் குடியிருக்கும் லைன் வீட்டில், மூன்றாவது வாசல்காரர்கள் சென்ற ஆடியில் நான்கு வயது மகனை மூளைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தார்கள். சிறு பிள்ளை என்பதால் எரிக்காமல் புதைத்தார்கள். மூன்றாம் நாள் பால் ஊற்றியதோடு சடங்கும் முடிந்தது. ஒன்பதாம் நாள் காலை அந்தத் தாய் பனியன் கம்பெனிக்குக் கிளம்பிவிட்டாள். மருத்துவச் செலவுக்கு வாங்கிய கடனும் குழுக் கடனின் வாரத் தவணையும் தலைக்கு மேல் நின்றன; உருப்படிக்கு இவ்வளவு என்ற பீஸ் ரேட்டில் உழைப்பவருக்குப் போகாத நாளுக்குக் கூலி இல்லை. அன்று செக்கிங் மேசைக்கு வந்தது குழந்தைகள் சட்டை. நான்கு வயது அளவு வந்தபோது பிசிறு வெட்டிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது என்றும், பக்கத்தில் இருந்த அக்கா ஒன்றும் பேசாமல் அந்தச் சட்டைக் கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார் என்றும் என்னிடம் சொன்னாள்.

காங்கயம் பக்கம் தோட்டத்துச் சாளையில் (தோட்டத்துக்குள் இருக்கும் வீட்டில்) இருக்கும் என் உறவுக்காரப் பெண்ணும் மகளை இழந்தவள்தான். அவளால் மாதக்கணக்கில் படுத்துக் கிடக்க முடிந்தது. கோவைக்குக் கூட்டிப்போய் மனநல மருத்துவரிடம் காட்டினார்கள். ஆனால் ஊருக்குத் தெரியாமல் காட்டினார்கள். கூப்பிடு தூரத்தில் வேறு வீடு இல்லாத அந்தத் தோட்டத்தில், அப்படிச் சட்டைக் கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் ஓர் அக்கா அவளுக்கு வாய்க்கவில்லை. ஆகவே வசதி இருந்தால் துக்கம் குறையும் என்று நான் சொல்லவில்லை. அந்தத் துக்கம் நோயாக முற்றாமல் காக்கும் ஓய்வும் மருத்துவமும் வசதியைப் பார்த்தே வருகின்றன என்கிறேன். பிள்ளையை இழந்த தாய்மாரிடையே இறப்பு விகிதமே கூடுகிறது என்று டென்மார்க்கில் நாடு முழுவதும் நடந்த ஆய்வு 2003இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. இது வெறும் மனவருத்தம் அல்ல.

சட்டமும் தகுதி பார்த்தே கைகொடுக்கிறது. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு பயன் சட்டம் கருச்சிதைவுக்கு 6 வாரம் சம்பளத்துடன் விடுப்புத் தந்தது; 2025இல் அதன் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்த விடுப்பு உண்டு. பிறந்த சிறிது காலத்தில் குழந்தை இறந்தால் மத்திய அரசுப் பெண் ஊழியருக்கு 60 நாள் என்று 2022இல் ஆணை வந்தது. நான்கு ஆண்டுகள் வளர்த்துப் பறிகொடுத்த பீஸ் ரேட் தொழிலாளிக்கு எந்தக் கணக்கில் விடுப்பு?

அப்பாக்களை யாரும் கேட்பதே இல்லை. லோடு இறக்கும் அந்தத் தகப்பன் இரவு குடித்துவிட்டு வந்து மகனின் மூன்று சக்கர சைக்கிளைத் துடைத்து வைக்கிறார். தோட்டத்துக்காரர் குடித்தால் மன உளைச்சல் என்கிறோம், இவரைக் குடிகாரர் என்கிறோம். இது எனக்குப் பொறுக்கவில்லை.

14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணுக்குக் கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம் என்று அந்தத் தாயிடம் எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "கூப்பிட்டா எவ்வளவு நேரம் ஆகுமுங்கக்கா? சாப்பாட்டுக்கு அரை மணி நேரந்தானுங்க உடுறாங்க" என்று கேட்டாள்.