படத்தைத் திட்டுங்கள், வயதைத் திட்டாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை மாலை வியாசர்பாடி மொட்டைமாடியில் ஹாலிவுட் சாகசப் படமான 'இண்டியானா ஜோன்ஸ்' ஐந்தாம் படத்தைத் திரையிட்டபோது, அதன் வயதான கதாநாயகனைப் பார்த்து நீங்கள் கேலியாகச் சிரித்தது வந்திருந்தவர்களுக்குத் தெரியும். வராதவர்களும் குழுவில் படித்திருப்பீர்கள். யார் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. ஆனால் 'விளையாட்டாகச் சொன்னதை இவ்வளவு பெரிதாக்க வேண்டுமா' என்று என்னிடமே கேட்டுவிட்ட பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

அந்த ஐந்தாம் படம் எனக்கும் முழுதாகப் பிடிக்கவில்லை. நான் குருட்டு ரசிகன் என்பதில்தான் உங்கள் வாதமே தொடங்குகிறது என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1989இல் வந்த மூன்றாம் படத்தின் முடிவில் கதாநாயகனோடு சேர்த்து நால்வர் குதிரையில் ஏறி, மறையும் சூரியனை நோக்கிப் போனார்கள். அதோடு கதை முடிந்தது என்று நினைத்தேன். 19 ஆண்டுகள் கழித்து நான்காம் படம் வந்தது. அணுகுண்டு வெடிக்கும்போது கதாநாயகன் குளிர்சாதனப் பெட்டிக்குள் புகுந்து தப்பினான். அதையும் பொறுத்துக்கொண்டு 2023 வரை காத்திருந்தேன்.

காத்திருந்ததற்குக் கிடைத்தது என்ன? இரவு இருட்டில் ஒன்றும் சரியாகத் தெரியாத ஒரு ரயில் சண்டை. மொராக்கோவின் டாஞ்சியர் நகரத்துச் சந்துகளில் முடியவே முடியாத ஆட்டோ துரத்தல். ஆண்டோனியோ பண்டேராஸ் போன்ற ஒரு நடிகரைக் கொண்டுவந்து, நமக்கு அவர்மேல் ஒட்டுதல் வருவதற்குள் சுட்டுக் கொன்றுவிடுகிறார்கள். முதல் நான்கு படங்களை இயக்கிய ஸ்பீல்பெர்க் இதில் இயக்குநர் இல்லை. ஜேம்ஸ் மேங்கோல்டு இயக்கியிருக்கிறார். அந்த வேறுபாடு துரத்தல் காட்சிகளில் அப்பட்டமாகத் தெரிகிறது. பழைய படங்களில் ஒரு சண்டையில் யார் எங்கே நிற்கிறார், எந்தப் பக்கம் பள்ளம் என்று நமக்குத் தெரியும். இதில் தெரியவில்லை. இவற்றையெல்லாம் நீங்கள் சொல்லியிருந்தால் நானும் சேர்ந்து பேசியிருப்பேன்.

நீங்கள் இவற்றைச் சொல்லவில்லை. கதை 1969க்கு வந்ததும், நியூயார்க் வீட்டில், சட்டையில்லாமல், தொங்கிய தோளோடு வயதான இண்டியானா ஜோன்ஸ் நாற்காலியிலிருந்து எழும் காட்சியில் சிரித்தீர்கள். 'வயதான காலத்தில் வீட்டில் இருக்கக் கூடாதா' என்று ஒரு குரல் வந்தது. மாடி முழுக்கச் சிரித்தது. அதற்குப் பிறகு அவர் படியேறினாலும் சிரிப்பு, மூச்சு வாங்கினாலும் சிரிப்பு.

படத்தைத் திட்டுங்கள். வயதைத் திட்டாதீர்கள். நான் சொல்வது இவ்வளவுதான்.

'நகைச்சுவை உணர்வே இல்லையா' என்று கேட்கிறார்கள். இருக்கிறது. மூன்றாம் படத்தில் ஷான் கானரி அப்பாவாக வருவார். நிஜத்தில், இண்டியானா ஜோன்ஸாக நடிக்கும் ஹாரிசன் ஃபோர்டைவிட அவர் 12 வயதுதான் மூத்தவர். கையில் துப்பாக்கி இல்லாத நேரத்தில் குடையை விரித்துக் கடற்கரைப் பறவைகளைக் கிளப்பி, துரத்தி வரும் விமானத்தையே வீழ்த்துவார். அங்கே நாம் கிழவரோடு சேர்ந்து சிரிக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சிரித்தது கிழவரைப் பார்த்து. இந்த வேறுபாடு உங்களுக்குத் தெரியாது என்று நான் நம்பவில்லை.

இன்னொருவர், 'ஃபோர்டு கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கியவர், உன் வக்காலத்து அவருக்குத் தேவையில்லை' என்றார். சரிதான், தேவையில்லை. 2023 மே மாதம் கான் திரைப்பட விழாவில் எழுந்து நின்று கைதட்டி அவருக்குக் கௌரவத் தங்கப்பனை விருது கொடுத்தார்கள். வியாசர்பாடியில் யார் சிரித்தார்கள் என்பது அவர் காதுக்குப் போகாது. ஆனால் அந்த மாடியில் அவர் மட்டுமா வயதானவர்? பின்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த வீட்டுக்காரப் பெரியவரை யாராவது திரும்பிப் பார்த்தீர்களா? நான் பார்த்தேன். பாதிப் படத்திலேயே எழுந்து போய்விட்டார்.

1983இல் இரண்டாம் படம் எடுத்தபோதே ஃபோர்டின் முதுகுத்தண்டு வட்டு விலகிவிட்டது. அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் அறுவை சிகிச்சை செய்தார்கள். ஐந்தாம் படத்துக்காக 2021இல் சண்டை ஒத்திகை பார்த்தபோது தோளில் அடிபட்டது. அப்போது அவருக்கு 78 வயது. படத்திலும் ஒரு குகையில் ஏறும்போது, தோள் போய்விட்டது, முதுகெலும்பு நொறுங்குகிறது, காலில் தகடு வைத்திருக்கிறது என்று அவர் பாத்திரம் பட்டியல் போடுகிறது. அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது. படம் தன் கதாநாயகனின் உடம்பை ஒளிக்காமல் காட்டும் இடங்கள்தான் அதன் நல்ல இடங்கள். மோசமான இடங்கள், ஒளித்த இடங்கள். தொடக்கத்தில் 1944இல் நடக்கும் பகுதியில் கணினியால் அவர் முகத்தை இளமையாக்கியிருக்கிறார்கள். முகம் நாற்பதைத் தாண்டவில்லை. வாயைத் திறந்தால் முதியவரின் குரல். அந்தப் பொய் முகத்தை நீங்கள் கைதட்டி ரசித்தீர்கள். உண்மையான முகம் வந்ததும் சிரித்தீர்கள்.

இதை எழுதும்போது அப்பாவின் நினைவு வராமல் எப்படி இருக்கும்? ஐ.சி.எஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்றாம் படம் சென்னைக்கு வந்தபோது பெரம்பூரில் பஸ் ஏறி அண்ணா சாலைக்கு என்னை அழைத்துப் போனவர் அவர்தான். ஆங்கிலம் அவருக்குப் பிடிபடாது. ஆனால் குடைக் காட்சியில் தியேட்டரிலேயே அவர் சிரிப்புதான் பெரிதாகக் கேட்டது. ஐந்தாம் படத்தை வீட்டுத் தொலைக்காட்சியில் அவரோடு உட்கார்ந்து பார்த்தேன். கல்லூரியில் பணி ஓய்வு பெறும் இண்டியானா ஜோன்ஸுக்கு ஒரு கடிகாரம் பரிசாகக் கொடுப்பார்கள். அவர் அதைத் தெருவில் எதிரே வந்தவரிடம் கொடுத்துவிட்டு நடப்பார். அப்பா நிமிர்ந்து எங்கள் வீட்டுச் சுவரைப் பார்த்தார். அவருக்கும் கடிகாரம்தான் கொடுத்தார்கள்.

பண்டைய கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீஸ் செய்ததாக அந்தப் படத்தில் வரும் கருவியைப் பற்றி அப்பா கேட்ட கேள்விகளில் பாதியைக்கூடப் படம் கேட்கவில்லை. நிஜத்தில் அப்படி ஒரு கருவி இருக்கிறது என்று சொன்னேன். கிரேக்கத் தீவான ஆண்டிகிதெராவுக்கு அருகே மூழ்கிய கப்பலிலிருந்து 1901இல் எடுத்தது. சூரியன், சந்திரன் நகர்வையும் கிரகணத்தையும் கணக்கிட்ட வெண்கல இயந்திரம். 30 பற்சக்கரங்கள் இன்றும் மிஞ்சியிருக்கின்றன. 'பல்லை எதை வைத்து வெட்டியிருப்பார்கள், அரமா?' என்றார். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பு ஒருவர் அரத்தைப் பிடித்து உட்கார்ந்து ராவியதைவிட அதிசயம் வேறென்ன வேண்டும்? படமோ அதைக் காலத்தைத் தாண்டும் மந்திரப் பெட்டியாக்கி, கி.மு. 212இல் ரோமானியர்கள் சிராகூஸ் நகரத்தை முற்றுகையிட்ட காலத்துக்கு விமானத்தை அனுப்பிவிட்டது. இதற்காக இயக்குநர்மேல் எனக்குக் கோபம் உண்டு. தீராத கோபம்.

அப்பா இன்றும் தெருவில் யார் வீட்டு மோட்டார் நின்றாலும் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கிளம்புவார். உதிரிபாகம் வாங்கப் பாரிமுனைக்குப் பஸ்ஸில் போவார். போன ஆண்டு ஒரு நாள் பஸ் படியில் கால் வைக்கச் சற்றுத் தாமதமானது. பின்னால் நின்ற இளைஞன் ஒருவன் சொன்னான்: 'வயதான காலத்தில் வீட்டில் இருக்கக் கூடாதா?' எழுத்துப் பிசகாமல் ஞாயிற்றுக்கிழமை மாடியில் நான் கேட்ட அதே வாக்கியம். அதற்குப் பிறகு அப்பா பாரிமுனைக்குப் போவதை நிறுத்திவிட்டார். முட்டி வலி என்று சொல்கிறார். முட்டி வலி அதற்கு முன்பும் இருந்தது.

'படத்தில் பார்த்த ஒரு வெள்ளைக்காரரையும் உன் அப்பாவையும் ஏன் முடிச்சுப் போடுகிறாய்' என்று கேட்பீர்கள். முடிச்சு நான் போட்டதில்லை. ஒரே வாக்கியத்தை இரண்டு பேருக்கும் சொன்னவர்கள் போட்டது. வெள்ளைக்காரர் என்ற பேச்சை எடுத்ததால் இதையும் சொல்கிறேன். இரண்டாம் படத்தில் இந்திய அரண்மனை விருந்தில் குரங்கு மூளை பரிமாறுவார்கள். கதையைப் பார்த்த நம் அரசு அனுமதி தராததால் இலங்கையில் போய் எடுத்த படம் அது. அதை நான் குறை சொன்னபோது 'சாகசப் படத்தில் இதையெல்லாம் பார்க்கக் கூடாது' என்று எனக்குப் பாடம் எடுத்தவர்கள் இதே நண்பர்கள்தான். நம்மை இழிவாகக் காட்டினால் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் முதுமையைக் காட்டினால் மட்டும் பொறுக்க முடியாதா?

ஐந்தாம் படத்தின் கடைசியில் இண்டியானா ஜோன்ஸைப் பிரிந்திருந்த மனைவி மரியன் திரும்பி வருகிறாள். எங்கே வலிக்கவில்லை என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிறார்கள். 1981இல் வந்த முதல் படத்தின் காட்சி, இருவரும் கிழவனும் கிழவியுமாகிவிட்ட பிறகு மீண்டும் வருகிறது. இந்த மூன்று நிமிடத்துக்காக அந்த ஆட்டோ துரத்தல் முழுவதையும் மன்னித்தேன். மாடியில் அந்த வசனம் எனக்குக் கேட்கவில்லை. அப்போதும் யாரோ பேசிக்கொண்டிருந்தீர்கள்.

அடுத்த மாதம் வேறு படம் போடப்போவதாகக் கேள்விப்பட்டேன். நான் வருவேன். அப்பா வர விரும்பினால் அவரையும் அழைத்து வருவேன். படம் மோசமாக இருந்தால் விடியும்வரை சண்டை போடலாம். ஆனால் அந்த வாக்கியம் இன்னொரு முறை என் காதில் விழுந்தால், படத்தை நிறுத்தச் சொல்லி எழுந்து நிற்பேன். அதையும் பெரிதாக்குகிறேன் என்று சொல்பவர்கள் இப்போதே சொல்லிவிடுங்கள்.