1878 சட்டம் அப்படிச் சொல்லவில்லை

"அமெரிக்காவில் ராணுவத்தைச் சொந்த மக்கள் மேல் இறக்கவே முடியாது, 1878 சட்டம் தடுக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் சரி. பாஸி காமிடேட்டஸ் என்கிற அந்த 1878 சட்டம் ராணுவத்தைப் போலீஸ் வேலைக்கு இழுக்கக் கூடாது என்கிறது, ஆனால் அரசியல் சாசனமோ, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸோ வெளிப்படையாக அனுமதித்த இடங்களில் இந்தத் தடை கிடையாது என்பதும் அதே சட்டத்திலேயே இருக்கிறது. எல்லாரும் அதை வசதியாக விட்டுவிடுகிறார்கள். அப்படி ஒரு அனுமதிதான் கிளர்ச்சி வந்தால் அதிபர் படையை இறக்கலாம் என்று 1807-லேயே வந்த இன்சரெக்‌ஷன் சட்டம்.

1957-ல் லிட்டில் ராக் நகரத்தில் நடந்ததைப் பாருங்கள். ஒன்பது கறுப்பின மாணவர்கள் பள்ளிக்குள் நுழையாமல் தடுக்க ஆர்கன்சா ஆளுநர் ஃபாபஸ், மாநிலத்தின் படையான நேஷனல் கார்டை நிறுத்தினார். அதிபர் ஐசனோவர் அதே கார்டைத் தன் கட்டுப்பாட்டுக்குள் எடுத்து, ராணுவத்தின் 101-வது வான்வழிப் படைப்பிரிவையும் அனுப்ப, துப்பாக்கி முனையில் கத்தி செருகிய சிப்பாய்கள் அந்தப் பிள்ளைகளை உள்ளே கூட்டிப்போனார்கள். ஆளுநர் சம்மதமெல்லாம் யாரும் கேட்கவில்லை. 1992 லாஸ் ஏஞ்சல்ஸ் கலவரத்தில் ஆளுநரே கேட்டு, அப்புறம்தான் அதிபர் மூத்த புஷ் படை அனுப்பினார்.

இன்னொன்று, ஆளுநரின் கட்டளையில் இருக்கும்வரை நேஷனல் கார்டுக்கு அந்த 1878 தடை பொருந்தவே பொருந்தாது.