ரோம் என்று விற்கிறார்கள், சிவிட்டாவெக்கியாவில் இறக்குகிறார்கள்

சுற்றுலாக் கப்பல் கம்பெனி தரும் வண்ணப் புத்தகத்தில் "ரோம்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. பக்கத்திலேயே கொலோசியம் படம். ஐயா, அந்தக் கப்பல் ரோமுக்குப் போகாது! போய் நிற்பது சிவிட்டாவெக்கியா என்கிற துறைமுகத்தில். அங்கிருந்து ரோமுக்கு 70 கிலோமீட்டருக்கு மேல். அதற்கு முந்தின நாள் "ஃபிளாரன்ஸ்" என்று போட்டிருக்கும். இறக்கிவிடுவது லிவோர்னோவில், ஃபிளாரன்ஸிலிருந்து 80 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி. காஞ்சிபுரம் கோயில்களைக் காட்டுகிறேன் என்று காசு வாங்கிக்கொண்டு ஒருவன் நம்மைச் சென்னைத் துறைமுகத்தில் இறக்கிவிட்டுப் போனால் சும்மா விடுவோமா?

பிள்ளைகள் படிப்பு, வீட்டுக் கடன் என்று வருடக் கணக்கில் தள்ளிப்போட்டு, ஒருவழியாக நானும் என் மனைவியும் கிளம்பிய பயணம் இது. பார்சிலோனாவில் ஏறி, மார்சேய், இத்தாலி, கிரேக்கத் தீவுகள் என்று சுற்றி ஏதென்ஸ் பக்கம் இறங்குவது. ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் செல்லுபடியாகும் ஷெங்கன் விசாவுக்குத் தலைக்கு 90 யூரோ, அதற்கு மேல் விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம், இன்சூரன்ஸ், வங்கிக் கணக்கு விவரம் என்று அலைந்த அலைச்சல் தனிக் கதை. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டதே ரோமுக்காகத்தான். ரோமுக்குள் இருக்கிற வாடிகனில், சிஸ்டைன் தேவாலயத்தின் கூரையில் மைக்கலாஞ்சலோ வரைந்ததை அண்ணாந்து பார்க்க வேண்டும் என்பது என் மனைவிக்குக் கல்லூரிக் காலத்திலிருந்தே இருக்கிற ஆசை.

காலை ஏழு மணிக்குக் கப்பல் வந்துவிடும் என்று அட்டவணை சொன்னது. அதை நம்பி, அந்தத் தேவாலயத்துக்குப் போகும் வழியான வாடிகன் அருங்காட்சியகத்துக்குப் பத்து மணி டிக்கெட்டை முன்பே வாங்கி வைத்திருந்தோம். நடந்தது என்ன? தனியாகக் காசு கட்டிக் கம்பெனியின் ஊர் சுற்றும் டூர் வாங்கியவர்களை முதலில் இறக்கினார்கள். மற்றவர்கள் மாடிப்படி வரை வரிசையில் நின்றோம். இறங்கவே எட்டரை ஆகிவிட்டது. துறைமுகத்துக்குள் நடக்க விடுவதில்லை; ஒரு பஸ் வந்து வாசல் பக்கம் லார்கோ டெல்லா பாச்சே என்ற இடத்தில் விட்டது. அங்கிருந்து ஸ்டேஷனுக்கு இன்னொரு பஸ். ஸ்டேஷனில் எங்கள் கப்பல் கூட்டம் மொத்தமும் டிக்கெட் மிஷின் முன்னால். ஒரு ரயிலை விட்டோம். அடுத்ததில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் நின்றுகொண்டே போய், வாடிகன் பக்கத்தில் இருக்கிற சான் பியத்ரோ ஸ்டேஷனில் இறங்கி, வாடிகன் மதிலைச் சுற்றி வெயிலில் நடந்து அருங்காட்சியக வாசலுக்குப் போனபோது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. அங்கிருந்தவர் டிக்கெட்டில் இருந்த நேரத்தின் மேல் விரலை வைத்துக் காட்டிவிட்டுத் தலையை ஆட்டினார். அவ்வளவுதான். அவள் ஒன்றும் பேசவில்லை. டிக்கெட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

சரி, ஊரையாவது பார்க்கலாம் என்றால் மாலை ஆறரைக்குள் கப்பலில் ஏறிவிட வேண்டும். கம்பெனி பஸ் தாமதமானால் கப்பல் நிற்கும். தனியாகப் போனவர்களுக்கு நிற்காது. அந்தப் பயத்தில் மதியச் சாப்பாடு முடிந்ததிலிருந்தே ரயில் நேரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இந்தப் பயம்தான் அவர்களுடைய வியாபாரமே. கப்பலுக்குள் ஒரு கவுண்டரில் "ரோமுக்குப் போய்வர பஸ் மட்டும்" என்று தனியாக விற்கிறார்கள். வழிகாட்டி கிடையாது, நுழைவுச் சீட்டு கிடையாது, ஊரில் விட்டுவிட்டுத் திரும்பக் கூட்டிவரும், அவ்வளவே. சாதாரண ரயிலில் ஒரு வழிக்கு ஐந்து யூரோ அளவில் ஆகிற தூரத்துக்கு இவர்கள் கேட்பது அதைப்போலப் பல மடங்கு. ரோமைக் காட்டுவதாகச் சொல்லி ஏற்கெனவே காசு வாங்கியாயிற்று. அப்புறம் ரோமுக்குப் போக எதற்கு இன்னொரு காசு?

வெனிஸ் கதை இதைவிட மோசம். பெரிய கப்பல்கள் ஊர் நடுவில் சான் மார்கோ சதுக்கத்தின் பக்கமாகக் கால்வாயில் போகக் கூடாது என்று இத்தாலி அரசு 2021 ஆகஸ்டிலிருந்து தடுத்துவிட்டது. செய்ய வேண்டிய காரியம்தான், அந்த ஊர் பிழைக்க வேண்டாமா? ஆனால் கம்பெனிகள் விளம்பரத்தில் வெனிஸை விடவில்லை. பல கப்பல்கள் போய் நிற்பது ரவென்னா, திரியெஸ்டே போன்ற வேறு ஊர்த் துறைமுகங்களில். அங்கிருந்து வெனிஸுக்கு பஸ்ஸில் இரண்டு மணி நேரமாவது ஆகும். அட்டவணையில் மட்டும் இன்னும் வெனிஸ்.

கிரேக்கத் தீவான சாந்தோரினியில் கப்பல் கரைக்கே வராது. கடல் நிரம்பிய எரிமலைப் பள்ளத்தின் நடுவில் நிற்கும், படகில்தான் போக வேண்டும். அதிலும் டூர் வாங்கியவர்களுக்கே முதல் இடம். பழைய துறைமுகத்தில் இறங்கினால் மேலே ஃபிரா ஊருக்குப் போக கேபிள் கார், இல்லையென்றால் 588 படிகள். அந்தப் படிகளில் கழுதைகளும் ஏறி இறங்குகின்றன. சாணத்தின் மேல் வழுக்காமல் நடக்க முழங்கால் நன்றாக இருக்க வேண்டும். கேபிள் காருக்கு வெயிலில் வரிசை, திரும்பும்போதும் அதே வரிசை. கோடையில் அந்தத் தீவில் இறங்கும் கப்பல் பயணிக்குத் தலைக்கு 20 யூரோ என்று கிரேக்க அரசு 2025 ஜூலையிலிருந்து வாங்குகிறது. வாங்கட்டும், தீவுக்காரர்கள் படும் பாட்டுக்கு அது நியாயம். அதைப் பயணத்தை விற்கும்போதே சொல்ல வேண்டாமா? எங்களுக்குக் கடைசி பில்லில்தான் தெரிந்தது.

பில் என்றதும் ஞாபகம் வருகிறது. கப்பலில் ஒரு கேபினில் ஒருவர் மதுபான பேக்கேஜ் எடுத்தால் மற்றவரும் எடுத்தே ஆக வேண்டுமாம். வாழ்நாளில் ஒரு சொட்டு குடிக்காத என் மனைவி எதற்குக் காசு கட்ட வேண்டும்? டிப்ஸும் தினமும் தலைக்கு இவ்வளவு என்று தானாகவே ஏறிவிடுகிறது. எங்கள் அறையைச் சுத்தம் செய்த பிலிப்பைன்ஸ் பையன் தங்கமானவன். அவன் கையில் நானே கொடுப்பேன். பில்லில் பிடிப்பதில் அவனுக்கு எவ்வளவு போகிறது என்று கவுண்டரில் கேட்டேன், யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை.

ஊர் திரும்பியதும் கம்பெனிக்கு எழுதினேன். "துறைமுகத்தின் பெயர் அடைப்புக்குறிக்குள் கொடுக்கப்பட்டுள்ளது" என்று பதில். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் தெரிகிற அளவில் கொடுக்கப்பட்டுள்ளதுதான்! ஏன் அடைப்புக்குறிக்குள் போட வேண்டும்? துறைமுகத்தின் பெயரைப் பெரிதாகப் போடு. ஊர் எத்தனை கிலோமீட்டர், போய்வர எவ்வளவு நேரம், அது போக ஊருக்குள் எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்று கீழே போடு.

அவர்கள் போடுகிற வரைக்கும் நீங்கள் அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்னால் ஏஜெண்டிடம் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். "அதெல்லாம் பக்கத்தில்தான் சார்" என்று மழுப்பினால் அந்த ஆளிடம் ஒரு ரூபாய் கட்டாதீர்கள்.