ஜேம்ஸ் லாசன்: அடி வாங்கப் பழக்கிய போதகர்

யாராவது உரிமை கேட்டுத் தெருவுக்கு வந்தால் போதும், "காந்தி வழியில் அமைதியாகப் போராடக் கூடாதா?" என்று அறிவுரை சொல்ல நாலு பேர் கிளம்பிவிடுவார்கள். எங்களுக்குத் தொந்தரவு தராமல் ஓரமாக உட்கார் என்பதுதான் அதற்கு அர்த்தம். அகிம்சை என்ற பெயரைச் சொல்லி இப்படி வாயை அடைப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. கூடவே ஜேம்ஸ் லாசன் நினைவுக்கு வருகிறார். 2024 ஜூனில், 95 வயதில் காலமான அமெரிக்க மெதடிஸ்ட் போதகர். மார்ட்டின் லூதர் கிங்கைத் தெரிந்தவர்களில் பாதிப் பேருக்காவது இவரையும் தெரிந்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

ஓஹையோ மாநிலத்தின் மசிலன் என்ற ஊரில் வளர்ந்தவர். அப்பாவும் போதகர்தான், ஆனால் துப்பாக்கி வைத்திருந்தவர். அம்மாவுக்கு வன்முறையே பிடிக்காது. சிறுவயதில் ஒருநாள், காருக்குள் இருந்த ஒரு வெள்ளைக்காரக் குழந்தை இனவசை சொல்லிக் கத்த, லாசன் கிட்டே போய்க் கன்னத்தில் ஓர் அறை விட்டார். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது, அடுப்படியில் வேலையாக இருந்த அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அதனால என்ன பிரயோஜனம், ஜிம்மி?" என்று மட்டும் கேட்டார். தன் வாழ்க்கையின் திசையை மாற்றியது அந்தக் கேள்விதான் என்று லாசன் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

கொரியப் போர்க் காலத்தில் ராணுவத்தில் சேர மறுத்து 13 மாதம் சிறையில் இருந்தார். 1953-இல் மிஷனரியாக இந்தியா வந்து நாக்பூர் ஹிஸ்லாப் கல்லூரியில் வேலை பார்த்தார். காந்தியோடு இருந்தவர்களைத் தேடிப்போய்ச் சத்தியாக்கிரகம் எப்படி நடந்தது என்று கேட்டுப் படித்தார். அமெரிக்காவின் தெற்கு மாநிலமான அலபாமாவின் மாண்ட்கோமரி நகரில் கறுப்பின மக்கள் பேருந்துகளைப் புறக்கணிக்கிறார்கள் என்ற செய்தியை நாக்பூர்ச் செய்தித்தாளில்தான் முதலில் பார்த்தார். (காந்தியிடம் எனக்குக் கேள்விகள் நிறைய உண்டு, முக்கியமாகச் சாதி விஷயத்தில். 1956 அக்டோபரில் அம்பேத்கர் பௌத்தம் தழுவியதும் இதே நாக்பூரில்தான். ஆனால் லாசன் காந்தியிடமிருந்து எடுத்துக்கொண்டது பக்தியை இல்லை, வேலை செய்யும் முறையை.)

1957-இல் ஓபர்லின் கல்லூரியில் கிங்கைச் சந்தித்தார். இருவருக்கும் அப்போது 28 வயது. படிப்பை முடித்துவிட்டுத் தெற்கே வருகிறேன் என்றார் லாசன். காத்திருக்காதீர்கள், இப்போதே வாருங்கள் என்றார் கிங். லாசன் தெற்கில் உள்ள டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகருக்குப் போய், வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் இறையியல் மாணவராகச் சேர்ந்தார்.

பிறகு நாஷ்வில்லில் ஒரு மெதடிஸ்ட் தேவாலயத்தில் பயிலரங்குகள் தொடங்கின. எதை முதலில் கையில் எடுப்பது என்ற பேச்சு வந்தபோது வழி காட்டியவர்கள் கறுப்பினப் பெண்கள். நகர மையத்துப் பெரிய கடைகளில் காசு கொடுத்துப் பொருள் வாங்கலாம். ஆனால் குழந்தையோடு களைத்துப்போய் அதே கடையின் சாப்பாட்டு கவுன்டரில் உட்கார முடியாது. வெள்ளையருக்கு மட்டும். சரி, அங்கேயே உட்காருவோம் என்று முடிவானது.

உட்காருவதற்கு எதற்கு மாதக்கணக்கில் பயிற்சி? இதைத்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும். மாணவர்கள் வரிசையாக நாற்காலியில் அமர்வார்கள். மற்றவர்கள் வெள்ளை இனவெறியர்களாக நடித்து வாய்கூசும் வசவுகளைக் காதருகில் கத்துவார்கள், முகத்தில் சிகரெட் புகையை ஊதுவார்கள், தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளுவார்கள். விழுந்தால் தலையை எப்படிக் காத்துக்கொள்வது, பக்கத்தில் ஒருவர் அடிபட்டால் கையை ஓங்காமல் எப்படி நடுவே புகுந்து அடியைப் பங்குபோட்டுக்கொள்வது, அடிப்பவன் கண்ணை எப்படி நேராகப் பார்ப்பது என்றெல்லாம் திரும்பத் திரும்பப் பழகினார்கள். நல்லவர்களாக இருந்தால் மட்டும் போதாது என்று லாசனுக்குத் தெரியும். முகத்தில் எச்சில் விழும் நொடியில் கை தானாக எழும். அதை எழாமல் வைக்க உடம்பைப் பழக்கியாக வேண்டும். பின்னாளில் கறுப்பின உரிமைப் போராட்டத்தை முன்னின்று நடத்திய டயேன் நாஷ், ஜான் லூயிஸ், பெர்னார்ட் லஃபாயெட், ஜேம்ஸ் பெவல் எல்லோரும் அந்த வகுப்பில் உருவானவர்கள்.

1960 பிப்ரவரி 13 அன்று நாஷ்வில்லில் உள்ளிருப்பு தொடங்கியது. 27-ஆம் தேதி வெள்ளையர் கும்பல் புகுந்து அடித்தது. போலீஸ் வந்து, அடி வாங்கியவர்களைக் கைது செய்தது, சுமார் 80 பேரை. ஒரு வரிசை கைதாகிப் போனதும் அடுத்த வரிசை வந்து அதே நாற்காலிகளில் உட்கார்ந்தது. அபராதம் கட்டாமல் சிறைக்குப் போனார்கள். அந்த நாட்களில்தான் ஓர் இளைஞன் லாசன் முகத்தில் துப்பினான். லாசன் அவனிடமே கைக்குட்டை கேட்டார். அவன் யோசிக்காமல் எடுத்துக் கொடுத்துவிட்டான். லாசன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, உன்னிடம் மோட்டார் சைக்கிள் இருக்கிறதா என்று பேச்சை ஆரம்பித்தார். வன்முறைக்கு ஒரு தாளம் இருக்கிறது. அந்தத் தாளத்தை அவர் அங்கேயே கலைத்துவிட்டார்.

இந்தப் போராட்டத்துக்காக வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் மார்ச் மாதம் அவரை வெளியேற்றியது. எதிர்ப்புத் தெரிவித்துப் பேராசிரியர்கள் பலர் ராஜினாமா கொடுத்தார்கள். ஏப்ரல் 19 அன்று மாணவர்களின் வழக்கறிஞர் அலெக்சாண்டர் லூபியின் வீட்டில் வெடிகுண்டு வீசப்பட்டது. அன்றைக்கே ஆயிரக்கணக்கானோர் நகர்மன்றத்துக்கு நடந்தார்கள். நிறத்தை வைத்துப் பாகுபாடு காட்டுவது தவறுதானே என்று டயேன் நாஷ் கேட்க, மேயர் பென் வெஸ்ட் ஆமாம் என்று எல்லோர் முன்னிலையிலும் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. மே 10 அன்று ஆறு கடைகளின் கவுன்டர்கள் எல்லோருக்கும் திறந்தன. கடைகளின் வியாபாரம் படுத்ததும் இதற்குக் காரணம். கறுப்பின மக்கள் ஈஸ்டர் நேரத்தில் அங்கே எதுவும் வாங்காமல் நிறுத்தியிருந்தார்கள். யாருக்கும் தொந்தரவு தராத அமைதி என்று இதைச் சொல்ல முடியுமா?

மெம்ஃபிஸ் நகரில் சபைப் பொறுப்பில் இருந்தபோதும் அவர் மேடையோடு நின்றுவிடவில்லை. 1968 பிப்ரவரி 1 அன்று, மழைக்கு ஒதுங்கிய இரண்டு துப்புரவுத் தொழிலாளர்கள், எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர், குப்பை லாரியின் அழுத்தும் இயந்திரத்தில் நசுங்கி இறந்தார்கள். சுமார் 1,300 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 'நான் ஒரு மனிதன்' என்ற பதாகைகளைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்தார்கள். போராட்டக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் லாசன். கிங்கை மெம்ஃபிஸுக்கு அழைத்தவரும் அவர்தான். ஏப்ரல் 4 அன்று கிங் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார். ஏப்ரல் 16 அன்று நகர நிர்வாகம் தொழிற்சங்கத்தை அங்கீகரித்தது, சம்பளமும் உயர்ந்தது.

இன்னொன்றும் செய்தார். கிங்கைக் கொன்ற குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்ட ஜேம்ஸ் எர்ல் ரேயைச் சிறையில் போய்ப் பார்த்தார், 1978-இல் அவனுடைய திருமணத்தையும் நடத்தி வைத்தார். இதை என் மனம் இன்னும் முழுசாக ஏற்கவில்லை. ஆனால் போதகர் என்ற சொல்லை அவர் எவ்வளவு தூரத்துக்கு நம்பினார் என்பது இதில் தெரிகிறது.

அவரை வெளியேற்றிய வாண்டர்பில்ட், 2006-இல் அவரையே வருகைதரு பேராசிரியராக அழைத்தது. அப்புறம் அவர் பெயரில் ஒரு நிறுவனமும் தொடங்கியது. அதைவிட எனக்குப் பிடித்தது அவருடைய லாஸ் ஏஞ்சல்ஸ் வாழ்க்கை. 1974 முதல் 1999 வரை அங்கே ஹோல்மன் மெதடிஸ்ட் சபையில் ஊழியம் செய்தார். ஓட்டல் அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்களுக்கும், கட்டடங்களைப் பெருக்கும் தொழிலாளர்களுக்கும் சங்கம் கட்ட உதவினார். ஓய்வு பெற்ற பிறகும் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் அகிம்சைப் போராட்டம் பற்றி ஆண்டுக்கணக்கில் வகுப்பு எடுத்தார்.